ஸ்டார்ட்அப் கம்பெனியில் வேலை: சேருவதற்கு முன் விசாரிக்க வேண்டியவை



கல்லூரிகளில் வளாகத் தேர்வு நடக்கும் மாதங்களில் நம் சின்னசேலம் வீடுகளில் ஒரே பேச்சுதான். பையனுக்கு ஆஃபர் வந்துவிட்டதா, பெண்ணுக்கு எந்தக் கம்பெனி, சென்னையா பெங்களூரா. வருகிற கடிதங்களில் சில, ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பு இல்லாத, நாம் பெயரே கேட்டிராத கம்பெனிகளுடையவை. வீட்டில் எல்லோரும் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள்: சம்பளம் எவ்வளவு? எந்த ஊர்?

இதே வீட்டில் ஒரு நிக்காஹ் பேச்சு வந்தால் நாம் எப்படி விசாரிக்கிறோம்? அந்த ஊர் ஜமாஅத்தில் கேட்கிறோம். பக்கத்து வீட்டில் கேட்கிறோம். முன்பு அந்தக் குடும்பத்தில் சம்பந்தம் செய்தவர்களிடம் கேட்கிறோம். தினமும் எட்டுப் பத்து மணி நேரம் நம் பிள்ளை இருக்கப்போகும் இடத்தைப் பற்றியோ, அதன் வெப்சைட்டைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிடுகிறோம்.

நம் ஊரில் ஒரு அரிசி மண்டியிலோ ஜவ்வரிசி ஆலையிலோ கணக்கெழுதச் சேர்ந்தால் இந்தக் கவலை இல்லை. முதலாளி யார், அவர் அத்தா எப்படிப்பட்டவர், கூலியை எந்தக் கிழமை கொடுப்பார் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். பெங்களூரில் நான்கு வருடத்துக்கு முன் தொடங்கிய கம்பெனியைப் பற்றி அப்படித் தெரிய வழியில்லை. அதை நாமாகத் தேடித் தெரிந்துகொள்ள வேண்டும். எப்படித் தேடுவது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

ஸ்டார்ட்அப் என்றால் என்ன?

புதிதாகத் தொடங்கி வேகமாக வளர நினைக்கும் கம்பெனியை ஸ்டார்ட்அப் என்கிறார்கள். 2016 ஜனவரியில் மத்திய அரசு 'ஸ்டார்ட்அப் இந்தியா' திட்டத்தைத் தொடங்கியபின் இந்தச் சொல் கிராமம்வரை வந்துவிட்டது. சாதாரணக் கடைக்கும் இதற்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. கடை தன் வியாபார லாபத்தில் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது. பல ஸ்டார்ட்அப்கள் இன்னும் லாபம் பார்க்காதவை. முதலீட்டாளர்கள் போட்ட பணத்திலிருந்து சம்பளம் கொடுக்கின்றன. அந்தப் பணம் தீர்வதற்குள் லாபம் வரவேண்டும், அல்லது புது முதலீடு வரவேண்டும். இரண்டும் வராவிட்டால் முதல் அடி ஊழியர் மேல்தான் விழும்.

இதனால் ஸ்டார்ட்அப் வேலையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பெரிய கம்பெனியில் ஐந்து ஆண்டில் கற்பதை இங்கே இரண்டு ஆண்டில் கற்றவர்கள் உண்டு. ஆனால் இந்த வேலையில் நன்மையும் அதிகம், ஆபத்தும் அதிகம். ஆகவே விசாரணையும் அதிகம் வேண்டும்.

மத்யனில் நடந்த வேலை ஒப்பந்தம்

ஒரு வேலை ஒப்பந்தம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அல்குர்ஆனிலேயே முன்மாதிரி இருக்கிறது. அல்கஸஸ் அத்தியாயத்தில் (28:26-28) மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரத்துப் பெரியவரிடம் வேலைக்குச் சேர்ந்த செய்தியை அல்லாஹ் கூறுகிறான். எகிப்திலிருந்து கையில் எதுவும் இல்லாமல் வந்தவர் அவர். ஒதுங்க இடமும் வேலையும் அவசரமாகத் தேவைப்பட்ட நேரம். அப்படிப்பட்டவரிடம் எதைச் சொன்னாலும் ஒப்புக்கொள்வார் என்று நினைத்துப் பெரியவர் பேசவில்லை. அந்த உரையாடலில் நாம் கவனிக்க வேண்டியவை நான்கு.

ஒன்று, காலம் தெளிவாகச் சொல்லப்பட்டது: எட்டு ஆண்டுகள்.

இரண்டு, கடமை எது, விருப்பம் எது என்பது பிரித்துச் சொல்லப்பட்டது. பத்து ஆண்டாக நிறைவு செய்தால் அது மூஸா (அலை) அவர்களின் சொந்த விருப்பம். அதைக் கட்டாயம் போலப் பேசவில்லை.

மூன்று, உமக்குச் சிரமம் கொடுக்க நான் விரும்பவில்லை என்று வேலை கொடுப்பவரே முன்வந்து சொன்னார்.

நான்கு, மூஸா (அலை) அவர்கள் தலையை மட்டும் ஆட்டவில்லை. ஒப்பந்தத்தைத் தம் வாயால் திருப்பிச் சொன்னார்கள். இரண்டு தவணைகளில் எதை நிறைவேற்றினாலும் அதற்கு மேல் தம்மை நெருக்கக்கூடாது என்பதையும் சொல்லி, அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள்.

அவர்கள் இரண்டில் நீண்ட தவணையையே நிறைவு செய்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறிய செய்தி புகாரியில் இருக்கிறது. தெளிவாகப் பேசிச் சேர்ந்த இடத்தில், கடமைக்கு மேலும் மனம் வந்து உழைக்க முடிந்தது. இன்றைய ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு இந்த நான்கையும் தேடிப் பாருங்கள். காலம் என்ன, எது கட்டாயம், சிரமத்துக்கு எல்லை உண்டா, நாம் திருப்பிக் கேட்டு உறுதி செய்தோமா?

மூன்று பேரிடம் கேளுங்கள்

ஒரு கம்பெனியின் பணிச் சூழல் எப்படி என்று எதை வைத்து முடிவு செய்வது? கண்ணாடிக் கட்டடம், இலவசச் சாப்பாடு, டேபிள் டென்னிஸ் இதையெல்லாம் காட்டுவார்கள். எங்கள் கம்பெனி ஒரு குடும்பம் போல என்பார்கள். அதெல்லாம் வாசலில் போட்ட கோலம். உள்ளே எப்படி என்று அறிய உமர் (ரலி) அவர்களின் வழி ஒன்று இருக்கிறது.

ஒருவருக்கு நற்சான்று சொல்ல இன்னொருவர் முன்வந்தார். உமர் (ரலி) அவர்கள் அவரிடம் மூன்று கேள்வி கேட்டார்கள். இரவும் பகலும் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரரா நீர்? பயணத்தில் அவருடன் போயிருக்கிறீரா? தீனார், திர்ஹம் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறீரா? மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தது. அப்படியானால் அவரை உமக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். இந்தச் செய்தி பைஹகீயில் வருகிறது. கம்பெனியைப் பற்றி விசாரிக்கவும் இதே மூன்று வகை ஆட்கள் வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர்: இப்போது அங்கே வேலை செய்பவர்

மேலாளரையோ எச்.ஆர். அதிகாரியையோ விட, உங்கள் பிள்ளை சேரப்போகும் அதே வகை வேலையில் ஒன்றிரண்டு ஆண்டு இருக்கும் இளைஞரைத் தேடுங்கள். கல்லூரியில் முன்பு படித்தவர்கள் மூலமாகவோ லிங்க்ட்இன் மூலமாகவோ ஒருவரையாவது பிடிக்க முடியும். நல்ல கம்பெனியா என்று பொதுவாகக் கேட்டால் நல்ல கம்பெனி என்றுதான் பதில் வரும். நடந்ததைக் கேளுங்கள். போன வாரம் எத்தனை நாள் இரவு 8 மணிக்கு மேல் ஆனது? கடைசியாக எப்போது லீவு கேட்டீர்கள், கிடைத்ததா? தவறு நடந்தால் எல்லோர் முன்னும் திட்டுவார்களா, தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார்களா?

அனஸ் (ரலி) அவர்கள் பத்து ஆண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். ஒருமுறைகூட 'சீ' என்றோ, இதை ஏன் செய்தாய் என்றோ தம்மைக் கேட்டதில்லை என்று பிற்காலத்தில் சொன்னார்கள். ஒரு முதலாளியைப் பற்றிப் பணியாளர் தரும் சான்று எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பயணத் துணை: நெருக்கடியில் உடன் இருந்தவர்

பணம் வரும் காலத்தில் எல்லாக் கம்பெனியும் நல்ல கம்பெனிதான். கஷ்ட காலத்தில் என்ன செய்தது என்பதே குணம்.

பைஜூஸ் கம்பெனியை எல்லோருக்கும் தெரியும். இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் அதன் பெயர் இருந்தது. 2022-ல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் சுமார் 2,500 பேரை வேலையிலிருந்து எடுப்பதாக அறிவித்தது. 2024 தொடக்கத்தில் ஊழியர்களுக்குச் சம்பளம் காலத்தில் போய்ச் சேரவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் பெங்களூரில் உள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அதன்மீது திவால் நடவடிக்கையைத் தொடங்கியது. விளம்பரத்தில் வரும் பெயர் சம்பளத்துக்கு உத்தரவாதம் அல்ல என்பதற்கு இது போதும்.

ஆகவே கேளுங்கள்: கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆட்குறைப்பு நடந்ததா? எப்படிச் சொன்னார்கள், எத்தனை மாதச் சம்பளம் கொடுத்து அனுப்பினார்கள்? ஒரு மாதமாவது சம்பளம் தாமதமானதா? கூலியை வியர்வை உலரும் முன் கொடுக்கச் சொன்ன நபிமொழி (இப்னு மாஜா) நமக்கு எல்லோருக்கும் தெரியும். வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற எச்சரிக்கை புகாரியில் இருக்கிறது.

கொடுக்கல் வாங்கல்: விலகி வந்தவர்

மூவரில் மிக முக்கியமானவர் இவர். கம்பெனிக்கு இனி அவரால் லாபம் இல்லை, அவருக்கும் கம்பெனியிடம் பயம் இல்லை. கடைசிக் கணக்கு எத்தனை நாளில் முடிந்தது? அனுபவச் சான்றிதழ் கேட்டவுடன் கொடுத்தார்களா? சேரும்போது சொன்ன போனஸ் கைக்கு வந்ததா? விலகியவர்கள் இரண்டு பேர், ஒருவரையொருவர் தெரியாதவர்கள், ஒரே குறையைச் சொன்னால் அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் மட்டும் கோபத்தில் பேசினால், செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்லும் 49:6 வசனத்தை நினைத்து இன்னொருவரிடமும் கேளுங்கள்.

வாக்கைக் காப்பாற்றிய கம்பெனியும் உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த கோவை.கோ என்ற மென்பொருள் நிறுவனம், மூன்று ஆண்டு நிறைவு செய்யும் ஊழியருக்கு ஆண்டுச் சம்பளத்தில் பாதியைப் போனஸாகத் தருவதாக 2022-ல் அறிவித்தது. 2025 ஜனவரிச் சம்பளத்தோடு முதல் கட்டமாக எண்பதுக்கும் மேற்பட்டோருக்கு அதைக் கொடுத்தது. விலகியவரிடம் கேட்கும்போது நாம் தேடுவது இதைத்தான்: சொன்னது என்ன, கொடுத்தது என்ன.

இப்படிக் கேட்பது புறம் பேசுவதாகாதா என்று சிலர் தயங்குகிறார்கள். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்டவர்களைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் ஒருவருடைய வறுமையையும் இன்னொருவருடைய கடுமையையும் வெளிப்படையாகச் சொன்ன செய்தி முஸ்லிமில் இருக்கிறது. ஆலோசனை கேட்பவருக்குத் தேவையான உண்மையைத் தேவையான அளவுக்குச் சொல்வது கடமை. அதற்கு மேல் கதை கேட்பதுதான் தவறு. நம் பிள்ளைகளில் வேலை மாறி வந்தவர்களிடம் இளையவர்கள் கேட்டால் இந்த அளவோடு பதில் சொல்லுங்கள்.

அந்தக் கம்பெனி எதை விற்கிறது?

ஊழியரை நன்றாக நடத்தினாலும் தொழில் ஹலாலாக இருக்க வேண்டும். வட்டிக்குக் கடன் கொடுக்கும் ஆப், பணம் கட்டி ஆடும் விளையாட்டு ஆப் இவற்றில் வேலைக்கு அழைப்பு வந்தால் சம்பளத்தைப் பார்க்காமல் ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. உடனே ட்ரீம்11 பணப் போட்டிகளை நிறுத்தியது. எம்.பி.எல். பெருமளவில் ஆட்குறைப்பை அறிவித்தது. ஆகாத தொழிலில் இருந்த அந்த நல்ல சம்பளம் ஒரே வாரத்தில் ஆட்டம் கண்டது.

ஆஃபர் லெட்டரில் உள்ள கணக்கு

ஆண்டுக்கு 6 லட்சம் என்றால் மாதம் 50,000 கைக்கு வரும் என்று அத்தாமார்கள் கணக்குப் போட்டு, கல்விக் கடன் தவணை, வீட்டு வாடகை, தங்கை கல்யாணம் வரை திட்டம் போட்டுவிடுகிறார்கள். அந்த 6 லட்சம் சி.டி.சி., அதாவது கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. ஒரு மாதிரிக் கணக்குப் பார்ப்போம்.

மொத்தம்: 6,00,000
வேலைத் திறனைப் பொறுத்து தரும் தொகை: 60,000
சேரும்போது ஒருமுறை தரும் போனஸ் (ஓராண்டுக்குள் விலகினால் திருப்ப வேண்டும்): 50,000
கம்பெனி கட்டும் பி.எஃப். (மாதம் 1,800): 21,600
பணிக்கொடைக்காக ஒதுக்குவது: 14,400
மருத்துவக் காப்பீடு: 10,000
மீதி: 4,44,000

இதை 12-ஆல் வகுத்தால் மாதம் 37,000. ஊழியர் பங்கு பி.எஃப். 1,800 போனால் 35,200. அதிலும் தொழில் வரி போகும். ஆக, கைக்கு வருவது 35,000 ரூபாய்தான். பி.எஃப்., காப்பீடு எல்லாம் நமக்கு நல்லதுதான். ஆனால் திட்டத்தை 35,000-த்தை வைத்துப் போடுங்கள். மாதம் கைக்கு எவ்வளவு வரும் என்று எழுத்தில் கேட்பதில் எந்த வெட்கமும் இல்லை.

சில கடிதங்களில் பங்கு தருவதாகவும் எழுதியிருப்பார்கள். சென்னையில் 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் கம்பெனி 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானபோது ஐநூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர் ஆனார்கள் என்ற செய்தியை எல்லோரும் படித்தோம். அது உண்மை. வெளியீட்டில் 36 டாலராக இருந்த அந்தப் பங்கு அடுத்த ஆண்டு முடிவில் பாதி விலைக்கும் கீழே போனது என்பதும், 2024 நவம்பரில் அதே கம்பெனி சுமார் 660 பேரைக் குறைத்தது என்பதும் உண்மை. பட்டியலாகாத கம்பெனியின் பங்கை வாங்க ஆள் கிடைத்தால்தான் பணம். கொடுத்த நாளிலிருந்து ஓராண்டாவது ஆனால்தான் அந்த உரிமை கைக்கு வரத் தொடங்கும் என்பது கம்பெனிச் சட்ட விதி. முழுவதும் கைக்கு வர நான்கு ஆண்டு வைப்பதே பெரும்பாலும் வழக்கம். ஆகவே பங்கு வந்தால் அல்ஹம்துலில்லாஹ். அதை நம்பி மாதச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய அரசுப் பதிவுகள்

ஆள் யாரும் கிடைக்காவிட்டாலும் சிலவற்றை செல்போனிலேயே பார்க்கலாம்.

1. மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கம்பெனி பதிவான தேதி, இயக்குநர்கள் பெயர், கடைசியாக எந்த ஆண்டுக்கான கணக்கைத் தாக்கல் செய்தது என்ற விவரங்கள் உள்ளன. பதிவே இல்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இரண்டு மூன்று ஆண்டாகக் கணக்குத் தாக்கல் இல்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

2. பி.எஃப். அமைப்பின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடும் பகுதி இருக்கிறது. எந்த மாதத்துக்கு, எத்தனை பேருக்குப் பணம் கட்டினார்கள் என்று அதில் தெரியும். ஒவ்வொரு மாதமும் ஒழுங்காகக் கட்டும் கம்பெனி சம்பளத்தையும் ஒழுங்காகக் கொடுக்கிறது என்று ஓரளவு நம்பலாம். ஆட்கள் எண்ணிக்கை திடீரென்று பாதியாகியிருந்தால் ஏதோ நடந்திருக்கிறது. 20 பேருக்கு மேல் இருந்தும் பதிவே இல்லை என்றால் சட்டத்தை மதிக்காத இடம்.

3. வேலை தருவதற்கு முன்பணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் கேட்டால் அது வேலை அல்ல, மோசடி. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் 2:282 அல்குர்ஆனிலேயே நீண்ட வசனம். வாயால் சொன்ன எதையும் எழுத்தில் கேளுங்கள். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் கொடுப்பது கட்டாயம். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வரவேண்டும். வேலையை விட்டாலோ நீக்கப்பட்டாலோ சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். விலகியவரிடம் கடைசிக் கணக்கைப் பற்றிக் கேட்கும்போது இந்த அளவை மனதில் வையுங்கள்.

பாண்ட் என்ற பிணைப் பத்திரத்தைக் கவனமாகப் படியுங்கள். அது செல்லாது, பயப்படாதே என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. எல்லாப் பாண்டும் அப்படியே செல்லும் என்று இதற்குப் பொருள் அல்ல. தொகை நியாயமானதா, பயிற்சிக்கு உண்மையில் செலவு செய்கிறார்களா என்பதைப் பொறுத்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒப்புக்கொண்டதை நிறைவேற்றுவது முஃமின்மீது கடமை (5:1). காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்கவே வேண்டாம். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருவது முறை. வைத்துக்கொள்வோம் என்றால் சம்மதிக்காதீர்கள்.

நேரம், தொழுகை, பெண் பிள்ளைகள்

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பது அதன் பொது அளவு. வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று பெரிய தொழிலதிபர்கள் பேசும் காலம் இது. அவசர நாட்களில் கூடுதலாக உழைப்பது எங்கும் உண்டு. அது எப்போதாவதா, எப்போதுமா என்பதே கேள்வி. சக்திக்கு மீறியதைப் பணியாளர்மேல் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் உதவுங்கள் என்ற நபிமொழி (புகாரி, முஸ்லிம்) இந்த இடத்தில் நல்ல அளவுகோல். இரவு 10 மணிவரை இளைஞர்கள் உட்கார்ந்திருக்கும்போது மேலாளரும் உடன் இருக்கிறாரா, அவர் வீட்டுக்குப் போய்விட்டு போனில் விரட்டுகிறாரா என்று விசாரியுங்கள்.

தொழுகையைப் பற்றி மறைக்காமல் பேசுங்கள். ஆஃபர் வந்தபின், கையெழுத்துக்கு முன் பேசுவது நல்ல நேரம். சண்டைக்குப் போவதுபோல் வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும், அன்று மாலை அந்த நேரத்தை ஈடு செய்துவிடுகிறேன். லுஹர், அஸருக்குப் பத்துப் பத்து நிமிடம் போதும் என்று சொன்னால், நல்ல மேலாளர் உடனே சரி என்பார். அந்தப் பதிலின் முகமே பணிச் சூழலைக் காட்டிவிடும். அலுவலகத்துக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் எங்கே என்று முன்கூட்டியே பாருங்கள். மது பரிமாறும் விருந்துகளுக்கு வராதவரை அங்கே எப்படிப் பார்க்கிறார்கள் என்று உள்ளே இருப்பவரிடம் கேளுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னும் சில கேள்விகள். அந்தக் குழுவில் வேறு பெண்கள் எத்தனை பேர்? மேலாளர் நிலையில் பெண் உண்டா? ஹிஜாப் அணிந்தவர் யாராவது பணிபுரிகிறாரா? இரவில் தாமதமானால் வீடுவரை வாகனம் உண்டா? பாலியல் தொல்லை தடுப்புச் சட்டம் 2013-ன்படி 10 பேரோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். குழு உறுப்பினர்கள் யார் என்று கேட்டால் சொல்லத் தெரியாத கம்பெனியில் குழு காகிதத்தில்கூட இல்லை என்றே கொள்ளலாம். அதைவிடச் சிறிய இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது.

இன்டர்வியூவில் நாம் கேட்கும் முறை

கேள்வி இருக்கிறதா என்று கடைசியில் அவர்களே கேட்பார்கள். இல்லை சார் என்று எழுந்து வராதீர்கள். மரியாதையாக இவற்றைக் கேட்கலாம்:

- இந்த இடத்தில் முன்பு இருந்தவர் ஏன் போனார், அல்லது இது புது இடமா?
- முதல் மூன்று மாதத்தில் என்னிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள்?
- எனக்கு வேலை சொல்லித்தருபவர் யார்? அவரோடு இன்று பேச முடியுமா?
- கம்பெனி இப்போது லாபத்தில் நடக்கிறதா? இல்லையென்றால் கையில் உள்ள முதலீடு எத்தனை மாதத்துக்கு வரும்?
- கடந்த ஓராண்டில் எத்தனை பேர் விலகினார்கள்?

எல்லாவற்றுக்கும் முழுப் பதில் வராது. தெரிந்ததை நேராகச் சொல்லி, சொல்ல முடியாததைச் சொல்ல முடியாது என்பவர் நல்லவர். கேட்டதற்கே எரிச்சல்படுபவரின் கீழ் வேலை செய்வது எப்படி இருக்கும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நம் பக்கத்து அமானத்

அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடுதான் என்று 83-ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. முதலாளிக்கு மட்டும் சொன்னது அல்ல இது. இல்லாத அனுபவத்துக்குப் போலிச் சான்றிதழ் வாங்குவது, ஒரு கம்பெனியில் சேருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுச் சேரும் நாளில் போனை அணைத்துவிடுவது, நோட்டீஸ் காலத்தை மதிக்காமல் ஓடிவருவது, வீட்டிலிருந்து வேலை என்று சொல்லிவிட்டு ரகசியமாக வேறு வேலை பார்ப்பது எல்லாமே அளவில் குறைப்பதுதான். மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொன்ன பெண் அவர்களிடம் கண்ட இரண்டு குணங்கள் வலிமையும் நம்பகமும். நம்மில் ஒருவர் அந்த இரண்டாவது குணத்தைக் கெடுத்தால், அடுத்து அங்கே விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளுக்கும் கதவு சாத்தப்படும்.

வீட்டில் மஷூரா

விசாரணை முடிந்தபின் குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். ஒரே கம்பெனி ஒரு வீட்டுக்குப் பொருந்தும், இன்னொரு வீட்டுக்குப் பொருந்தாது. அத்தாவின் வருமானம் இருக்கிறது, கடன் இல்லை என்றால் பிள்ளை இரண்டு ஆண்டு துணிந்து கற்றுக்கொள்ளலாம். அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பெரிய வேண்டும் என்றால், குறைந்த சம்பளமானாலும் நிலையான இடமே நல்லது. எந்த வீடானாலும் சேர்ந்த முதல் ஆண்டிலேயே மூன்று மாதச் செலவுக்கான தொகையைச் சேர்த்து வைத்துவிடுங்கள். புது வண்டித் தவணை, பெரிய கல்யாணச் செலவை அதுவரை தள்ளி வையுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். விசாரித்துத்தான் அனுப்பினோம், ஆனாலும் இடம் சரியில்லை என்று பிள்ளை போனில் சொன்னால், ஊர் என்ன சொல்லும் என்று முதலில் யோசிக்காதீர்கள். 2024-ல் புனேயில் ஒரு பெரிய தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்த 26 வயது இளம்பெண் நான்கே மாதத்தில் இறந்துபோனார். வேலைச் சுமையே காரணம் என்று அவருடைய தாய் நிறுவனத்தின் தலைவருக்குக் கடிதம் எழுதினார். நாடே அதைப் படித்தது. தூக்கம் போய்விட்டது, சாப்பிட முடியவில்லை, தொழ முடியவில்லை என்று பிள்ளை சொன்னால், ஊருக்கு வா, பேசிக்கொள்ளலாம் என்ற வார்த்தை நம் வாயிலிருந்து வரவேண்டும். ரிஸ்க் கொடுப்பவன் அல்லாஹ். ஒரு கம்பெனி மூடினாலும் அவன் வாசல் மூடுவதில்லை.

விசாரணை, மஷூரா, அதன்பின் இஸ்திகாரா. விசாரிக்காமல் இஸ்திகாரா மட்டும் செய்வது ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைப்பது போலத்தான். நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, மானமுள்ள, பரக்கத்தான வேலையை அல்லாஹ் கொடுப்பானாக. ஆமீன்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. மத்யன் ஒப்பந்தத்தில் இருந்த நான்கு விஷயங்களில் உங்கள் கையில் உள்ள கடிதத்தில் எவை இருக்கின்றன, எவை இல்லை?
2. உமர் (ரலி) அவர்களின் மூன்று கேள்விகளுக்கும் பொருத்தமான மூன்று பேரை உங்களால் பெயர் சொல்ல முடியுமா?
3. சி.டி.சி.யை மாதக் கைச் சம்பளமாக மாற்றிக் கணக்குப் போட்டுவிட்டீர்களா?
4. சம்பளம் இரண்டு மாதம் வராவிட்டால் வீடு எப்படி நடக்கும் என்று யோசித்தீர்களா?